‘பாசிடிவ்’ என்று வந்தால் நோய் உறுதியா?

சிரம்பான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இலவச ரத்தப் பரிசோதனை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு ‘பாசிடிவ்’ என்று வருகிறது. உடனே பயந்துடாதீங்க. முதலில் ஒரு சின்னக் கணக்கு.

சோதனைக்கு வந்தவர்கள் 1,000 பேர். நோய் உள்ளவர்கள் 10 பேர் மட்டுமே. சோதனை 90 விழுக்காடு சரியாகச் சொல்லும். அப்படியானால் நோயுள்ள 10 பேரில் 9 பேரைக் கண்டுபிடித்துவிடும். ஆனால், நோயே இல்லாத 990 பேரில் 99 பேருக்கும் ‘பாசிடிவ்’ காட்டும். மொத்தம் 108 ‘பாசிடிவ்’. அதில் உண்மையானது 9தான். பன்னிரண்டில் ஒன்று!

அப்போ சோதனை வீணா?

இல்லை. அறிகுறிகளோடு வரும் 1,000 பேரில் 500 பேருக்கு நோய் இருந்தால், அதே சோதனையின் ‘பாசிடிவ்’ பத்தில் ஒன்பது முறை சரியாக இருக்கும். யாரைச் சோதிக்கிறோம் என்பதும் முக்கியம்.

நெகிரி செம்பிலான் கற்ற பாடம்

‘பாசிடிவ்’ இன்னொரு விதத்திலும் ஏமாற்றலாம். 1998-இல் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. சிலரின் ரத்தத்தில் ‘ஜேஇ’ எனும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான எதிர்ப்பொருள் தெரிந்தது. கொசுதான் காரணம் என நினைத்து, புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனாலும் நோய் போர்ட்டிக்சன் அருகிலுள்ள புக்கிட் பெலாண்டோக் வரை பரவியது. தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள்.

எதிர்ப்பொருள் பழைய தொற்றாலோ தடுப்பூசியாலோகூட வரலாம். இன்றைய நோய்க்கு அதுவே காரணம் என்று ஆகிவிடாது. 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியின் மாதிரியிலிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு ‘நிப்பா’ என்று வந்தது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு, 105 பேர் இறந்தனர்.

நீங்க என்ன செய்யணும்?

• முடிவைத் தூக்கிப் போடாதீங்க. உறுதிப்படுத்தும் இரண்டாவது சோதனை கேளுங்க.

• அறிகுறி, பழைய நோய், போட்ட தடுப்பூசி, செய்யும் வேலை எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்க.

• சிகிச்சை எடுத்தும் உடம்பு தேறவில்லையா? “வேறு காரணம் இருக்குமா, டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்க.