புகை நீங்கிய பின்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் நடப்போர்க்கு ஏலம், மிளகு, கருவாடு ஆகியவற்றின் வாடைகளுக்கிடையே புகையிலையின் காரமும் வந்து சேர்வதுண்டு. தருமராஜா காலத்துத் திவானாகிய ராஜா கேசவதாசர் நிறுவிய கடைத்தெரு இது. நெல்லையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்த தமிழ் வணிகர் பலர் இங்கே கடை வைத்தனர்.

அன்றைய திருவிதாங்கூரில் உப்பையும் மிளகையும் போலப் புகையிலையும் அரசின் ஏகபோகம். யாழ்ப்பாணத்திலிருந்து கடல்வழியாகவும் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து தரைவழியாகவும் வந்த சரக்கை அரசு தானே விற்றது. விலை ஏறியிருந்தமையால் கள்ளக்கடத்தலும் தழைத்தது. 1863-ஆம் ஆண்டில் திவான் மாதவராவ் அந்த ஏகபோகத்தை ஒழித்தார். ஒழிந்தது ஏகபோகமேயன்றி வருவாய் அன்று; இறக்குமதி வரி அவ்விடத்தில் வந்து அமர்ந்தது. கருவூலமும் பழக்கத்திற்கு அடிமைதான் போலும்! சிகரெட்டை விட்டவர் வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்வதும் இவ்வகையே. புகை போயிற்று, நிக்கோட்டின் போகவில்லை, வாய்ப்புற்றுநோய்க்கு வழி திறந்ததுதான் மிச்சம்.

1999 ஜூலை 12 அன்று கேரள உயர்நீதிமன்றம், பொது இடத்தில் புகைத்தல் அரசியலமைப்பின் 21-ஆம் விதி காக்கும் வாழ்வுரிமைக்கு ஊறு என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை வழங்கிய இருவருள் ஒருவர் தேவகோட்டையைச் சேர்ந்த நீதியரசர் ஏ. ஆர். லட்சுமணன். 2001-இல் உச்சநீதிமன்றமும் நாடு முழுமைக்கும் அவ்வழியே ஆணையிட்டது.

புகை குறைந்தால் பீடி சுற்றுவோர் பிழைப்பு என்னாவது? கண்ணூரில் முதலாளிகள் பட்டறைகளை மூடியபோது வேலையிழந்த தொழிலாளர் 1969-இல் தினேஷ் பீடிக் கூட்டுறவை அமைத்தனர். ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிக்க, மற்றவர் கேட்டுக்கொண்டே பீடி சுற்றுவர். பீடிக்குக் கிராக்கி குறையவே, அச்சங்கம் குடையும் தேங்காய்ப் பாலும் ஊறுகாயும் செய்யத் தலைப்பட்டது. ஆயினும் எல்லாக் கைகளுக்கும் அங்கே வேலை கிட்டவில்லை.

தீர்ப்பு ஒரே நாளில் வந்துவிடுகிறது. உடல் அவ்வளவு விரைவில் இணங்குவதில்லை. புகையை விட்டவர்க்கு நேரும் அவதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு எங்கள் அலுவலகச் சொற்பட்டியலில் ‘பின்வாங்கல்’ என்றிருந்தது. ஏதோ தோற்ற படையைப் பற்றிய சொல்! நாமே புகையை விட்டபோதுதான் அதன் பொருள் விளங்கிற்று. எரிச்சல், உறக்கமின்மை, ஓயாத பசி; ஒரு பக்கத்தை மொழிபெயர்க்க மும்முறை எழுந்தோம். முதல் வாரமே கடுமையானது. மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணியும். திடீரென எழும் வேட்கை சில நிமிடங்களே நிற்கும். அந்நிமிடங்களைச் சாலையில் வாங்கிய கிராம்பைக் கொண்டு கடத்தினோம்.

இருமல் மிகுவது கண்டு அஞ்சினோம். மூச்சுக்குழலின் நுண்மயிர்கள் மீண்டும் தொழில்செய்யத் தொடங்கிச் சளியைத் தள்ளுவதே அது என்றார் மருத்துவர். மலச்சிக்கலும் வரலாம். முதலாண்டில் நான்கைந்து கிலோ எடை கூடுவதும் இயல்பே. அதற்கஞ்சி மீண்டும் பற்றவைப்போர் உளர். அவர்கள் ஒன்று கருதவேண்டும்: ஓராண்டு கடந்தால் புகையால் நேர்ந்த இதயநோய் அபாயம் ஏறத்தாழப் பாதியாகிறது.

நேயர்கள் பலர் அறியாதது ஒன்றுண்டு. புகையிலுள்ள பொருள்கள் ஈரலைத் தூண்டிக் காப்பியின் காஃபீனை விரைவில் கரைத்துவிடும். புகையை விட்டபின் அதே அளவு காப்பி குருதியில் நெடுநேரம் தங்கும், படபடப்பு வரும், அதையும் சிகரெட் இல்லாத குறை என்றே மயங்குவோம். ஆஸ்துமாவுக்கான தியோபிலின் முதலிய சில மருந்துகளின் அளவும் இவ்வாறே மாறவேண்டியிருக்கும். ஆதலின் விட்ட செய்தியை மருத்துவரிடம் உடனே சொல்லிவிடுதல் நன்று. நாம் சாலையில் வழக்கமான கடையில் அரைக் குவளை காப்பி கேட்கத் தொடங்கியதும் அப்போதுதான். கடைக்காரர் நமக்குக் கைமுடை என்றே நெடுநாள் எண்ணியிருந்தார்.