வலியை வென்ற வாயு

பல்வலியைவிடப் பல்லைப் பிடுங்கும் வலிக்கே மாந்தர் மிகுதியும் அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. அவ்வச்சத்தால் ஈறு வீங்கிச் சீழ் பிடிக்கும்வரை பொறுத்திருந்து, வேறு வழியின்றியே மருத்துவரிடம் சென்றனர். குறட்டின் முன்னே கல்வியும் செல்வமும் உதவவில்லை.

அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரில் ஹோரஸ் வெல்ஸ் என்னும் இளம் பல் மருத்துவர் வாழ்ந்தார். 1844ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், கோல்ட்டன் என்பார் நடத்திய சிரிப்பூட்டும் வாயுக் காட்சிக்கு அவர் சென்றிருந்தார். நைட்ரஸ் ஆக்சைடு எனப்படும் அவ்வாயுவை நுகர்ந்த இளைஞர் ஒருவர், ஆட்டத்திடையே காலில் அடிபட்டுக் குருதி வழிந்தும் அதனை உணரவில்லை. கூட்டம் சிரித்தது, வெல்ஸ் சிந்தித்தார். மறுநாளே கோல்ட்டன் வாயுவை அளிக்க, ஜான் ரிக்ஸ் என்ற பல் மருத்துவர் வெல்ஸின் பல்லைப் பிடுங்கினார். வலி தோன்றவில்லை. இவ்வாயு அறுவை மருத்துவத்தில் வலியைப் போக்க உதவக்கூடும் என்று ஹம்ப்ரி டேவி 1800ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். இடைப்பட்ட நாற்பத்து நான்கு ஆண்டுகளும் உலகம் அதனை வேடிக்கைப் பொருளாகவே வைத்திருந்தது விந்தையிலும் விந்தை!

1845இல் பாஸ்டன் நகர மருத்துவ மாணவர் முன்னிலையில் வெல்ஸ் தம் முறையைச் செய்து காட்டினார். நோயாளி அலறினார், அவையோர் எள்ளி நகைத்தனர். வாயுப் பை உரிய நேரத்திற்கு முன்பே அகற்றப்பட்டுவிட்டது என்பது வெல்ஸ் பின்னர் தந்த விளக்கம். அதே நகரில் 1846 அக்டோபர் 16ஆம் நாள், அவருடைய பழைய கூட்டாளி மார்ட்டன் ஈதரைக் கொண்டு வெற்றி பெற்றார். புகழும் அவர்பால் சென்றது. மனமுடைந்த வெல்ஸ் குளோரோபார்மைத் தம்மீதே சோதித்து, அறிவு கலங்கி, 1848 ஜனவரியில் நியூயார்க் சிறையொன்றில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்பொழுது அவருக்கு வயது 33. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அவரது முதன்மையை ஏற்றது 1864இல்!

அதற்கு முந்திய ஆண்டில் கோல்ட்டன் மீண்டும் வாயுவுடன் புறப்பட்டு, வலியின்றிப் பல் பிடுங்குவதையே பெருந்தொழிலாக்கினார். அஞ்சும் சிறுவரை அமைதிப்படுத்த, உயிர்வளியுடன் கலந்து இன்றும் அளிக்கப்படுவது இவ்வாயுவே. ஆனால், வலி நீங்கியதால் நோய் நீங்கிவிடுமா? பிடுங்குவது எளிதானபோது, காப்பாற்றத்தக்க பற்களும் பறிபோயின. இதனை எதிர்த்து நின்றவர், வெல்ஸின் பல்லைப் பிடுங்கிய அதே ரிக்ஸ்தான். பல்லடியில் படிந்து இறுகும் காரையே ஈறுநோய்க்குக் காரணம் என்றும், அதனைச் சுரண்டி அகற்றித் தூய்மை பேணினால் ஆடும் பல்லும் நிலைக்கும் என்றும் அவர் வலியுறுத்தினார். அமெரிக்கப் பல் மருத்துவர்கள் அந்நோயை நெடுங்காலம் ‘ரிக்ஸ் நோய்’ என்றே வழங்கினர்.