தேன்கூட்டுக்குத் தீப்பந்தம் தூக்கும் முன் ஒரு வரலாறு

சன்ஷேடுக்கு அடியில் முறம் அளவுக்கு ஒரு தேன்கூடு. குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் உடனே யோசனைகள் வந்து விழும்.

"ராத்திரி பந்தம் கட்டிக் கொளுத்திரலாம் சார்."
"பூச்சி மருந்து அடிச்சா அரை மணி நேரத்துல காலி."

கொஞ்சம் பொறுங்கள் நண்பர்களே. தேனீயை அதன் கூட்டிலிருந்து கிளப்பும் வேலையை மனிதன் பல ஆயிரம் வருடங்களாகச் செய்துகொண்டிருக்கிறான். தேனீயைப் பற்றி நமக்கு ஒரு விஷயம் புதிதாகத் தெரியவரும்போதெல்லாம், அதைக் கொல்ல வேண்டிய தேவை குறைந்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

முதலில் புகை.

ஸ்பெயின் நாட்டின் வலென்சியா பகுதியில் அரன்யா என்ற குகை இருக்கிறது. கயிற்றில் தொங்கியபடி ஒருவர் கூட்டுக்குள் கைவிட, சுற்றிலும் தேனீக்கள் பறக்கும் ஓவியம் அங்கே உள்ளது. ஏறத்தாழ 8000 வருடப் பழசு என்கிறார்கள். நம் மத்தியப் பிரதேசத்துப் பாறை ஓவியங்களிலும் தேன் எடுக்கும் காட்சிகள் உண்டு.

புகை போட்டால் தேனீ அடங்கும் என்பது மனிதனுக்கு வெகு காலமாகவே தெரியும். ஏன் அடங்குகிறது என்பதுதான் தெரியாது.

அதற்கான விடையின் முக்கியமான பகுதி 1962-ல் கிடைத்தது. தேனீ கொட்டும்போது ஒரு வேதிப்பொருளை வெளியிடுகிறது. பெயர் ஐசோபென்டைல் அசிடேட். வாழைப்பழ வாசனை அடிக்கும். "எதிரி இங்கே இருக்கான், வாங்க" என்று மற்ற தேனீக்களைக் கூப்பிடும் சைரன் அது. ஒரு தேனீ கொட்டிய இடத்திலேயே பத்து தேனீ வந்து கொட்டுவது இதனால்தான்.

புகை, தேனீயின் மோப்பத்தை மழுங்கடிக்கிறது. சைரன் ஒலித்தாலும் காதில் விழாத மாதிரி.

தீ அப்படி இல்லை. கூடு எரியும்போது தப்பித்த தேனீக்கள் கலைந்து, வெறிகொண்டு பறக்கும். மலைத்தேனீ இரவிலும் பறக்கக்கூடியது, வெளிச்சத்தை நோக்கி வரும். நீங்கள் மேலே பந்தம் பிடிக்க, கீழ் வீட்டு டியூப்லைட்டைத் தேடி அது போகும். அங்கே குழந்தைகள் இருக்கலாம்.

அடுத்தது பெட்டி.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் வைக்கோல் கூடையில் தேனீ வளர்த்தார்கள். கூட்டைக் கலைக்காமல் தேன் எடுக்க வழி இல்லை. அதனால் குழியில் கந்தகத்தை எரித்து, கூடையை அதன்மேல் வைத்து, மொத்தக் கூட்டத்தையும் கொன்றுவிட்டுத் தேன் எடுக்கும் வழக்கம் இருந்தது.

1851-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் ஒரு சின்ன விஷயத்தின் அருமையைப் புரிந்துகொண்டார். ஒரு தேனீ போய்வரும் அளவுக்கு, அதாவது சுமார் 9 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், தேனீ அதை அடைப்பதில்லை. அதில் அடை கட்டுவதும் இல்லை. நடைபாதையாக விட்டுவிடுகிறது.

அவ்வளவுதான். அந்த இடைவெளி விட்டுச் சட்டங்களை அடுக்கினால், அடையைப் புத்தகம்போல ஒவ்வொன்றாக வெளியே எடுக்கலாம், திரும்ப வைக்கலாம். தேனுக்காகக் கூட்டத்தைக் கொல்லும் அவசியம் போயிற்று.

நம்மூர் இந்தியத் தேனீ உருவில் சின்னது. அதற்குத் தோதாக 1910-களில் தென்னிந்தியாவில் நியூட்டன் என்ற பாதிரியார் சிறிய பெட்டி ஒன்றை உருவாக்கினார். இன்றும் அதற்கு நியூட்டன் பெட்டி என்றுதான் பெயர். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் தேனீ வளர்ப்பை விவசாயிகளிடம் கொண்டுபோனது.

"சரி டாக்டர், இதுக்கும் என் வீட்டுச் சுவருக்கும் என்னங்க சம்பந்தம்?"

இருக்கிறது. சுவர்ப் பொந்தில் இருக்கும் இந்தியத் தேனீயை உயிரோடு எடுக்க முடிவது இந்தப் பெட்டியால்தான். லேசாகப் புகை காட்டி, புழு இருக்கும் அடைகளை அறுத்து, வாழைநாரால் சட்டத்தில் கட்டுவார்கள். ராணியைப் பெட்டிக்குள் விட்டால் மற்றவை பின்னாலேயே வந்துவிடும். வெளியே போனவை திரும்பும்வரை பெட்டியை அங்கேயே வைத்திருந்து, இருட்டியபின் தூக்கிப் போவார்கள். உங்களுக்குத் தொல்லை விட்டது. அவருக்கு ஒரு கூட்டம் கிடைத்தது.

மருந்தடித்தால்? தேனீ செத்துவிடும், அடை சுவருக்குள்ளேயே இருக்கும். பராமரிக்க ஆளில்லாமல் தேன் கசியும். எறும்பு வரும். மெழுகு வாசனைக்கு அடுத்த கூட்டமும் வரும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1991-92-ல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் பரவி, தென்னிந்தியாவில் பெட்டிகளில் இருந்த இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதி அழிந்தது. மார்த்தாண்டத்தில் எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு போனது. காலியான பெட்டியை நிரப்பப் பொந்துகளில் வாழும் கூட்டங்கள் வேண்டும். உங்கள் சுவரில் இருப்பதும் அப்படி ஒன்றுதான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சன்ஷேடிலும் தண்ணீர்த் தொட்டியிலும் ஒற்றை அடையாகத் தொங்குவது பெரும்பாலும் மலைத்தேனீ. அது பெட்டியில் அடங்காது, கூட்டமாகத் துரத்தும். பூக்கள் முடிந்ததும் தானே இடம்பெயரும், பல சமயம் அடுத்த வருடம் அதே இடத்துக்குத் திரும்பும். எட்டாத உயரத்தில் இருந்தால் சில மாதம் விட்டுவைக்கலாம். பள்ளி, ஆஸ்பத்திரி, ஆள் நடமாடும் படிக்கட்டு என்றால் விடக் கூடாது. பயிற்சி உள்ளவர்கள் உரிய உடையோடு வந்து அப்புறப்படுத்த வேண்டும்.

இனி எங்கள் துறைக்கு வருகிறேன்.

1902-ல் பாரிஸில் ரிஷேவும் போர்த்தியேவும் கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தி ஆராய்ந்தார்கள். முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரம் கழித்து மிகக் குறைந்த அளவிலேயே செத்துப்போனது. பழகும் என்று நினைத்தது பழகவில்லை, உயிரை எடுத்தது. இதற்கு அனாபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். 1913-ல் ரிஷேவுக்கு நோபல் கிடைத்தது. "எனக்குத்தான் முன்னாடியே கொட்டியிருக்கே" என்று தைரியமாகக் கூட்டருகே போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தேனீ ஒவ்வாமைக்கு 1930 முதல் முழுத் தேனீயையும் அரைத்த சாற்றை ஊசியாகப் போட்டார்கள். 1978-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் சோதித்தபோது, அந்தச் சாறும் வெறும் போலி ஊசியும் ஒன்றுதான் என்று தெரிந்தது. தேனீயின் நஞ்சை மட்டும் சிறிது சிறிதாகக் கொடுத்த சிகிச்சைதான் பலன் தந்தது. கிட்டத்தட்ட ஐம்பது வருட நம்பிக்கையை ஒரே ஆய்வு மாற்றியது.

"கொடுக்கைப் பிடுங்காதே, சுரண்டி எடு" என்பதும் அப்படித்தான். 1996-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு சொன்னது: எப்படி எடுக்கிறோம் என்பது முக்கியமில்லை, எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். கழன்ற கொடுக்கும் நஞ்சைச் செலுத்திக்கொண்டே இருக்கும்.

ஆகவே மக்களே,

துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு ஓடி, அறைக்குள் புகுந்து கதவைச் சாத்துங்கள். கையை வீசாதீர்கள்.

கொடுக்கை உடனே எடுங்கள்.

உடம்பெல்லாம் தடிப்பு, முகம் அல்லது தொண்டை வீக்கம், மூச்சுத்திணறல், வாந்தி, மயக்கம் இருந்தால் 108. அங்கே உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரீனலின் ஊசி. சுண்ணாம்பு தடவி நேரத்தைக் கடத்தாதீர்கள்.

நிறைய இடங்களில் கொட்டியிருந்தால், ஒவ்வாமை இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நஞ்சு தசையையும் ரத்த அணுக்களையும் சிதைத்து, சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

சுவர்ப் பொந்துக் கூட்டுக்கு உள்ளூர்த் தேனீ வளர்ப்பாளரைத் தேடுங்கள். ஆபத்தான இடத்தில் மலைத்தேனீ என்றால் தீயணைப்புத் துறை, 101.

இதை உங்கள் குடியிருப்பு குரூப்பில் போட்டுவிடுங்கள். பந்தத்துக்குத் துணி தேடிக்கொண்டிருப்பவர் கண்ணில் படட்டும்.