இன்டர்லூக்கின்-2 சமிக்ஞைத் தடுப்பு மருந்துகள்

மாற்றிப் பொருத்திய உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்கத் தரப்படும் நோயெதிர்ப்பு ஒடுக்கி மருந்துகளுள், இன்டர்லூக்கின்-2 என்னும் சைட்டோகைனின் உற்பத்தியையோ செயலையோ தடுப்பவை இவை. சைட்டோகைன்கள், நோயெதிர்ப்புச் செல்கள் தமக்குள் செய்தி பரிமாறப் பயன்படும் சிறு புரதங்கள். அவற்றுள் இன்டர்லூக்கின்-2, டி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களைப் பெருகச் செய்வது.

இயல்பான செயல்முறை

அயல் திசுவை டி செல்லின் ஏற்பி இனங்கண்டதும், செல்லுக்குள் கால்சியம் கூடுகிறது. அதனால் கால்சிநியூரின் என்ற நொதி முடுக்கம் பெற்று, என்எஃப்ஏடி என்ற புரதத்திலுள்ள பாஸ்பேட்டுகளை நீக்குகிறது. அப்புரதம் உட்கருவுக்குள் நுழைந்து இன்டர்லூக்கின்-2 மரபணுவை இயக்குகிறது. சுரந்த இன்டர்லூக்கின்-2, செல்பரப்பிலுள்ள தன் ஏற்பியில் இணைந்ததும், ஜாக்-1, ஜாக்-3, எம்டார் ஆகிய நொதிகளின் வழியே செல் பிரியத் தொடங்குகிறது.

உற்பத்தியைத் தடுப்பவை

நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனம் பிரித்தெடுத்தது சைக்ளோஸ்போரின். 1978-இல் கேம்பிரிட்ஜில் அறுவை மருத்துவர் ராய் கால்ன் அதை உறுப்பு மாற்று நோயாளிகளுக்கு அளித்தார்; 1983-இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. டாக்ரோலிமஸ், 1984-இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணிலிருந்த பாக்டீரியாவில் கண்டறியப்பட்டது. சைக்ளோஸ்போரின் சைக்ளோஃபிலினுடனும், டாக்ரோலிமஸ் எஃப்கேபிபி-12 என்ற புரதத்துடனும் இணைகின்றன. இரண்டு கூட்டுகளும் கால்சிநியூரினையே முடக்குகின்றன. எனவே மரபணு இயங்குவதில்லை. ஸ்டீராய்டு மருந்துகளும் சைட்டோகைன் மரபணுக்கள் பலவற்றை அடக்குகின்றன.

செயலைத் தடுப்பவை

ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து வந்த சிரோலிமஸும் எஃப்கேபிபி-12 உடனேயே இணைகிறது; ஆயினும் அது முடக்குவது எம்டாரை. இன்டர்லூக்கின்-2 சுரந்தாலும் செல் பிரிவதில்லை. பாசிலிக்சிமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்து, ஏற்பியையே மறைத்துவிடுகிறது. உறுப்பு மாற்றுக்கன்றி முடக்குவாத சிகிச்சைக்கான டோஃபாசிட்டினிப்பும், ஜாக் நொதிகளைத் தடுத்து இதே வழித்தடத்தை அடைக்கிறது.

பக்க விளைவுகள்

கிருமிகளை எதிர்க்கவும் இதே வழித்தடம் தேவைப்படுவதால், காசநோய் உள்ளிட்ட தொற்றுகளுக்கும் சில புற்றுநோய்களுக்கும் வாய்ப்பு கூடுகிறது. சைக்ளோஸ்போரினும் டாக்ரோலிமஸும் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்; இரத்த அழுத்தத்தை உயர்த்தலாம். நோயெதிர்ப்பைக் கட்டுக்குள் வைக்கும் ஒழுங்காற்று டி செல்களுக்கும் இன்டர்லூக்கின்-2 இன்றியமையாதது என்பதால், அதை முற்றிலும் நிறுத்துவது நோக்கமன்று.

சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ், சிரோலிமஸ் ஆகியவற்றில் பயன்தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. ஆகவே இரத்தத்தில் மருந்தின் அளவை அவ்வப்போது சோதிக்க வேண்டும். மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்துவதோ, வேறு மருந்தைச் சேர்ப்பதோ கூடாது.