மறுக்கக் கற்ற கதவு

கதவு என்றதும் நம் மொழி மனிதர்களைப் பற்றியே பேசத் தொடங்கிவிடுகிறது. கதவைத் தட்டுகிறோம், கதவடைக்கிறோம், சிலருக்கு நம் வாசற்கதவு எப்போதும் திறந்திருக்கும் என்கிறோம். எல்லாவற்றிலும் கதவுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார். அந்த ஆளை விலக்கிவிட்டு, பொத்தானின் கட்டளைக்குத் திறந்து மூடும் ஒரு கதவை அமெரிக்கப் புறநகர்கள் சென்ற நூற்றாண்டில் தமக்கென உருவாக்கிக்கொண்டன. கார் நிறுத்தும் கராஜின் கதவு அது. அதைக் குறித்து அங்கே அடிக்கடி எழும் புகார் சற்று விசித்திரமானது. கதவு பழுதாகிவிட்டது என்பதல்ல புகார். சில நேரம் திறக்கிறது, சில நேரம் திறப்பதில்லை என்பதுதான். இந்தத் தடுமாற்றத்துக்குள் ஏறத்தாழ நூறாண்டு வரலாறு அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது.

முதல் அடுக்கு எடை சார்ந்தது. குதிரை லாயங்களின் இடத்தில் கராஜ்கள் வந்தபோது கதவுகள் மட்டும் லாயக் கதவுகளாகவே நீடித்தன. வெளிப்புறமாகத் திறக்கும் கனத்த இரட்டைக் கதவுகள். பனி கொட்டிய காலையில் அவற்றைத் திறப்பது பெரும்பாடு. 1921-ல் சி. ஜி. ஜான்சன் என்பவர், பலகைகளாகப் பிரிந்து தண்டவாளத்தில் மேலேறி, கூரைக்கு இணையாகப் படுத்துக்கொள்ளும் கதவை வடிவமைத்தார். 1926-ல் அதற்கு மின்மோட்டாரும் சேர்ந்தது. மோட்டார்தான் கதவைத் தூக்குகிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் எடையைத் தாங்குவது முறுக்கேறிய சுருள்வில். மோட்டார் அதற்குச் சற்றே கைகொடுக்கிறது, அவ்வளவுதான். ஆகவே கதவு பாதியில் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது மின்சுற்றை அல்ல. மூடிய நிலையில் மோட்டாரின் பிணைப்பை விடுவித்து, கதவைக் கையால் இடுப்பளவுக்குத் தூக்கிப் பார்க்க வேண்டும். அங்கேயே நின்றால் வில் சரி. கீழே சரிந்தாலோ, தானாக மேலேறினாலோ கோளாறு வில்லில். அதைத் தொடும் உரிமை பயிற்சி பெற்ற கைகளுக்கே உண்டு. இறுகிய வில் ஆளையே கொல்லும்.

இரண்டாம் அடுக்கு சைகை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வானலை ரிமோட்கள் பரவின. தொடக்க காலக் கருவிகளுக்குத் தம்முடையது, பிறருடையது என்ற பேதமே இல்லை. குறிப்பிட்ட அலை வந்தால் கதவு திறக்கும். அனுப்பியவர் அண்டை வீட்டாராக இருந்தாலும் சரியே. இதற்குத் தீர்வாகச் சிறு விசைகளின் வரிசை வந்தது. எட்டு விசை என்றால் 256 குறியீடுகள். பன்னிரண்டு என்றால் 4,096. பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் 2015-ல் சாமி காம்கார் என்னும் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர், உற்பத்தி நிறுத்தப்பட்ட ஒரு குழந்தை விளையாட்டுப் பொருளை மாற்றியமைத்து, இத்தகைய நிலைக்குறியீட்டுக் கதவுகளைப் பத்தே விநாடிகளுக்குள் திறக்க முடியும் என்று காட்டினார். அதற்கு முன்பே, 1990-களில், ஒவ்வோர் அழுத்தலுக்கும் மாறும் உருள்குறியீடு வந்துவிட்டது. ரிமோட்டும் கதவும் ஒரே கணக்கைத் தனித்தனியே எண்ணி வருகின்றன. கணக்கு பெரிதும் பிசகினால், உரிய ரிமோட்டையே கதவு அந்நியமாகக் கருதும். அப்போது அதை மீண்டும் அறிமுகப்படுத்தி வைக்க வேண்டியதுதான்.

மூன்றாவது அடுக்கு துயரமானது. கீழிறங்கும் கதவுகளில் சிக்கிப் பத்துக்கணக்கான குழந்தைகள் அமெரிக்காவில் உயிரிழந்தனர். 1990-ல் இயற்றப்பட்ட சட்டத்தின் விளைவாக, 1993 ஜனவரி 1 முதல் உற்பத்தியாகும் வீட்டுக் கருவிகளில் கூடுதல் பாதுகாப்பு கட்டாயமாயிற்று. பெரும்பாலானவற்றில் அது, வாசலின் இருபுறமும் தரையிலிருந்து ஆறங்குலத்துக்கு மேற்படாமல் பொருத்தப்படும் இரு மின்கண்களின் வடிவம் பெற்றது. நடுவில் எது குறுக்கிட்டாலும் இறங்கும் கதவு திரும்பி ஏறும். நம் புகார்களில் கணிசமானவை இங்கேதான் பிறக்கின்றன. கதவு ஏறுகிறது, இறங்க மறுக்கிறது. ஒரு சிலந்தி வலை, சற்றே திரும்பிய கண், குறிப்பிட்ட மணிநேரத்தில் மட்டும் கண்ணில் நேராக விழும் சாய்ந்த வெயில் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும். தினமும் ஒரே வேளையில் மட்டும் கதவு அடம்பிடித்தால் சூரியனையே சந்தேகிக்கலாம். எரிச்சலில் சிலர் இரு கண்களையும் கழற்றி, ஒன்றையொன்று பார்க்கும்படி கூரையில் கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் மோட்டாரின் விசை அளவைக் கூட்டுகிறார்கள். கதவு ஒழுங்காக இயங்கத்தான் செய்யும். எந்தக் காரணத்துக்காக அது மறுக்கக் கற்றதோ, அந்தக் காரணம் மட்டும் அழிந்துபோகும்.

நான்காவது அடுக்கில் அரசு வருகிறது. பல்லாண்டுகளாக இந்த ரிமோட்கள் பெருமளவில் 390 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கின. அந்த வரிசை ராணுவத்துக்கு ஒதுக்கப்பட்டது. மிகக் குறைந்த ஆற்றலில், இடையூறு செய்யாமல், வரும் இடையூறுகளையும் சகித்துக்கொண்டு இயங்கலாம் என்பதே வீட்டுக் கருவிகளுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு ராணுவம் தன் தளங்களில் புதிய வானொலி அமைப்புகளை அந்த வரிசையில் நிறுவத் தொடங்கியது. 2004-ல் புளோரிடாவின் எக்லின் விமானப்படைத் தளத்தைச் சுற்றிய வீடுகளில் கதவுகள் செயலிழந்தன. 2005-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு இந்த இடையூறு குறித்து அறிக்கை வெளியிட்டது. குடியிருப்போர் தமதென்று நம்பிய அலை இரவலாகப் பெற்றது என்பது அப்போதுதான் பலருக்கும் விளங்கியது. உற்பத்தியாளர்கள் 315 மெகாஹெர்ட்ஸுக்கு நகர்ந்தனர். பின்னர் பல அலைவரிசைகளை மாறி மாறிப் பயன்படுத்தும் கருவிகளும் வந்தன.

இன்று இடையூறு செய்ய ராணுவம் தேவையில்லை. மோட்டாரின் தலைக்குமேல் நாம் மாட்டும் எல்இடி விளக்கே போதும். சில மலிவான விளக்குகளின் மின்சுற்று எழுப்பும் வானலை இரைச்சலில் ரிமோட்டின் மெல்லிய குரல் அமுங்கிவிடுகிறது. விளக்கைக் கழற்றியதும் தொலைவிலிருந்தே கதவு திறந்தால், குற்றவாளி யார் என்பது தெளிவு.

மறுப்பு எப்போதும் காப்பதுமில்லை. 2017 அக்டோபரில் வட கலிபோர்னியாவைக் காட்டுத்தீ சூழ்ந்தபோது மின்சாரம் நின்றது. கனத்த கதவைக் கையால் தூக்க இயலாமல் சிலர் கராஜுக்குள்ளேயே மாண்டனர். அதன்பின் அந்த மாநிலத்தில், 2019 ஜூலை 1 முதல் விற்கப்படும் வீட்டுக் கருவிகளுக்கு மாற்று மின்கலம் கட்டாயமாக்கப்பட்டது.

இவ்வாறு நோக்கும்போது, முரண்டு பிடிக்கும் கதவு நம்மிடம் ஒரு கேள்வியை வைக்கிறது. அது இயலாமையால் நிற்கிறதா, நமக்காக மறுக்கிறதா? முன்னதைப் பழுதுபார்க்கலாம். பின்னதைப் பழுதென்று கருதித் திருத்தினால், யாரோ ஒரு குழந்தைக்காக எழுதப்பட்ட சட்டத்தை நம் வீட்டளவில் ரத்து செய்தவர்களாவோம்.