பெயர் எழுதும் ஒழுங்கு: உத்திரமேரூர் ஓலையிலிருந்து ஜாவா வரை

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

நம் பிள்ளைகளில் நிறையப் பேர் ஓஎம்ஆர், பெங்களூர் என்று மென்பொருள் வேலையில் இருக்கிறீர்கள. உங்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. "புரோகிராம் சரியாத்தான் ஓடுது சார், ஆனா பேரு விதிப்படி இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க." சரித்திர வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று நினைக்காதீர்கள். பலர் கூடி எழுதும் கணக்கில் பெயரை எப்படி எழுதுவது என்பது நம் பக்கத்து ஊரில் ஆயிரம் வருடங்களுக்கு முன்பே பேசி முடிவெடுத்த விஷயம்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளை உங்களில் பலருக்கு நேரில் காட்டியிருக்கிறேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. ஒன்று 919, மற்றொன்று 921. குடவோலைத் தேர்தல் என்று பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதினீர்கள். அதில் ஓலையை எப்படிக் கையாள்வது என்ற பகுதியை இப்போது திரும்பப் பாருங்கள். ஊர் 30 குடும்புகள். ஒவ்வொரு குடும்புக்கும் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதி, தனித்தனிக் கட்டாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று காட்டும் வாயோலையை மேலே வைத்துக் குடத்தில் இட வேண்டும். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி வாசிப்பார். பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதையே வாசிக்க வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்க்கும் வழக்கம் அன்றே இருந்திருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். 919-இல் வயது வரம்பு 30 முதல் 60. 921-இல் அது 35 முதல் 70. இரண்டே வருடத்தில் விதியைத் திருத்தி, திருத்தியதையும் எல்லோரும் பார்க்கும்படி கல்லில் வெட்டிவிட்டார்கள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வாரியத்துக்கு வர முடியாது என்ற விதியும் அதில் உண்டு.

அடுத்து, பெரியவர்களுக்கு நினைவிருக்கும் ஒரு செய்தி. பரம்பரையாக வந்த கர்ணம், மணியக்காரர் பதவிகளைத் தமிழக அரசு 1980 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு ஒழித்தது. அந்தச் சட்டம் செல்லும் என்று 1982-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. தாத்தா, அப்பா, மகன் என்று ஒரே வீட்டில் இருந்த கணக்கு, ஊருக்குப் புதிதாக வந்த கிராம நிர்வாக அலுவலர் கைக்குப் போனது. அவர் அதைப் புரட்டிப் படிக்க முடிந்ததற்கு முக்கியக் காரணம், கிராமக் கணக்குகளுக்கு எண்ணும் படிவமும் எல்லா ஊரிலும் ஒன்றாக இருந்ததுதான். கிராமக் கணக்கு எண் 2 என்றால் எங்கே போனாலும் அடங்கல்தான்.

இப்போது ஜாவாவுக்கு வருவோம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் குழு உருவாக்கிய மொழி இது. முதலில் ஓக் என்று பெயர். 1995-இல் ஜாவா ஆனது. 1997-இல் அந்த நிறுவனம் எழுத்து முறை விதிகளை வெளியிட்டது. கிளாஸ் என்றால் பெயர்ச்சொல், முதல் எழுத்து பெரியது. மெத்தட் என்றால் வினைச்சொல், முதல் எழுத்து சிறியது. மாறாத மதிப்பு என்றால் எல்லாமே பெரிய எழுத்து. மென்பொருளுக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு பராமரிப்புக்கே போகிறது, எழுதியவரே கடைசிவரை அதைப் பராமரிப்பது அபூர்வம் என்று அதற்குக் காரணமும் சொன்னார்கள். கர்ணம் போனபின் கணக்கை யார் படிப்பது என்ற அதே கேள்வி!

இந்த விதிகளின் பலனைப் பார்க்க நல்ல உதாரணம் கொம்பியேரே என்ற வணிக மென்பொருள். ஆரக்கிளில் வேலை பார்த்த யோர்க் யாங்கே என்ற ஜெர்மானியர் 1999-2000 வாக்கில் தொடங்கியது. கொள்முதல், விற்பனை, சரக்கு, கணக்கு எல்லாம் ஒரே இடத்தில். மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது.

அதில் அட்டவணையின் பெயரே அது எந்தத் துறை என்று சொல்லிவிடும். 'ஏடி' என்று தொடங்கினால் மென்பொருளின் சொந்த அகராதி. 'சி' என்றால் பொதுவான வணிகம். 'எம்' என்றால் சரக்கு. உத்திரமேரூர் வாயோலை மாதிரிதான். அட்டவணைப் பெயரோடு 'ஐடி' சேர்த்தால் அதன் அடையாள எண். ஆமா, இல்லை என்று பதில் வரும் கட்டம் எல்லாம் 'இஸ்' என்று தொடங்கும். ஆரக்கிளில் அப்போது ஒரு பெயர் 30 எழுத்தைத் தாண்டக் கூடாது. அதனால் பெயர்கள் குறுக்கமாகவே இருக்கும்.

ஒவ்வொரு அட்டவணையிலும் 7 கட்டங்கள் கட்டாயம்: எந்த நிறுவனம், எந்தக் கிளை, நடப்பில் உள்ளதா, எப்போது உருவானது, யார் உருவாக்கினார், எப்போது மாறியது, யார் மாற்றினார். கணக்குக் காட்டாதவருக்கு இதிலும் இடமில்லை!

வாடிக்கையாளர், சப்ளையர், ஊழியர் மூவரும் 'வணிகப் பங்காளி' என்ற ஒரே அட்டவணையில் வருவார்கள். நம் ஊர் ரைஸ் மில்லை நினைத்துப் பாருங்கள். நெல் போடுகிறவரே மாட்டுக்குத் தவிடும் வாங்கிப் போகிறார். இரண்டு பேரேட்டில் இரண்டு பெயராக எழுதினால் அவர் பாக்கி எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

மொழிக்கும் ஒரு வழி செய்திருக்கிறார்கள். ஜாவாவில் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்க முடியும். ஆனால் பல நாட்டார் கூடி எழுதும்போது உள்ளே இருக்கும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். திரையில் தெரியும் பெயரை 'டிஆர்எல்' என்று முடியும் தனி அட்டவணையில் அந்தந்த மொழியில் எழுதிக்கொள்ளலாம். நம் வீட்டில் செல்லப் பெயர் எதுவாக இருந்தாலும் ரேஷன் கார்டில் ஒரே பெயர்தானே, அது போல.

2006-இல் ஒரு திருப்பம். கொம்பியேரே நிறுவனத்துக்கு வெளி முதலீடு வந்தது. அது போகும் திசை பிடிக்காத ஆர்வலர்கள் அதே ஆண்டு செப்டம்பரில் பிரிந்து அடெம்பியேரே என்று தனியே தொடங்கினார்கள். மலேசியாவின் ரெதுவான் ஊன் அதில் முன்னின்றவர். பின்னாளில் அதிலிருந்தும் ஐடெம்பியேரே பிரிந்தது. 2010-இல் கொம்பியேரே நிறுவனத்தை வேறொரு நிறுவனம் வாங்கிக்கொண்டது.

பிரிந்து போக அவர்களுக்கு உரிமை கொடுத்தது ஜிபிஎல் உரிமம். ஆனால் உரிமை மட்டும் இருந்தால் போதுமா? பூட்டிய பெட்டியின் சாவி கையில் இருந்தும் உள்ளே இருக்கும் எழுத்து புரியாவிட்டால் என்ன பயன்? யார் திறந்தாலும் புரியும்படி பெயர்கள் இருந்ததும் அந்த மென்பொருள் பிழைக்கப் பெரிய காரணம் என்பது என் கருத்து.

ஐடெம்பியேரேயைத் திறந்தால் இன்றும் சில பகுதிகள் கொம்பியேரே பெயரிலும், சில அடெம்பியேரே பெயரிலும், புதியவை புதுப் பெயரிலும் இருக்கின்றன. பழைய பெயரை அழித்தால் அதை நம்பி எழுதிய பிறருடைய வேலை கெட்டுவிடும் அல்லவா? பல்லவர் கட்டிய கோயிலில் சோழர் கல்வெட்டும் விஜயநகரத்தார் கல்வெட்டும் இருப்பதைக் காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகளே, நம் பக்கத்து நெல் மண்டியோ கூட்டுறவுச் சங்கமோ நாளை இப்படிப்பட்ட திறந்த மென்பொருளை எடுக்கலாம். அதை அமைத்துக் கொடுத்த பையன் துபாய்க்குப் போய்விட்டால், அடுத்து வரும் பெண் அதைத் திறந்து படிக்க வேண்டும். அவளால் முடியாவிட்டால் விவசாயியின் பாக்கிப் பணம் நிற்கும். உங்கள் பெயரைத் திருப்பி அனுப்புகிறவர் அவளுக்காகத்தான் அனுப்புகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அலுவலகத்தில் உள்ள பெயர் விதிகளையும், அவை எப்படி வந்தன என்பதையும் எனக்குத் தமிழில் எழுதி அனுப்புங்கள். அவையும் சரித்திரம்தான்.