மடக்குப் பலகையில் மானாமதுரை

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வகுப்பில் நடத்தும்போது மாணவர்கள் அளவுகளை ஆர்வத்தோடு குறித்துக்கொள்வார்கள். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரைகள். தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி வைத்த விளக்கு. இவற்றோடு இரண்டு வாயில்களையும் இளங்கோவடிகள் சொல்லிச் செல்கிறார். அந்த வாயில்களுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று இத்தனை ஆண்டுகளில் ஒரு மாணவரும் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால், நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. திருச்சுழி ரயில் நிலையத்தைச் சிறு உருவில் மரத்தாலும் அட்டையாலும் செய்யத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

மாதிரி ரயில் என்பது தமிழ் வாசகர்களுக்கு அதிகம் பழகாத பொழுதுபோக்கு. 1891-ல் லைப்சிக் சந்தையில் ஜெர்மனியின் மேர்க்ளின் நிறுவனம், சாவி கொடுத்தால் ஓடும் ரயிலையும் துண்டு துண்டாக வாங்கி நீட்டித்துக்கொள்ளத்தக்க தண்டவாளத்தையும் காட்சிக்கு வைத்தது. அதிலிருந்து இக்கலையின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். நம் நாட்டில் புனேயில் பாவ் சாகேப் ஜோஷி 1998-ல் திறந்த சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் இதற்குப் பெயர்பெற்றது. பொம்மை ரயில் வட்டத்தில் ஓடும். புறப்பட்ட நிலையத்துக்கே திரும்பி வரும். செக்கு மாட்டுக்கும் அதற்கும் வேறுபாடில்லை. குழந்தைக்கு அது போதும். ஒரு குறிப்பிட்ட ஊரை, ஒரு குறிப்பிட்ட காலத்தை அப்படியே நிறுத்த நினைப்பவருக்குப் போதாது. அவருடைய வண்டி எங்கிருந்தோ வர வேண்டும், எங்கோ போக வேண்டும். அந்த 'எங்கோ'வுக்காகக் காண்போர் கண்ணில் படாத இடத்தில் சில தடங்களை வைத்து, வண்டிகளை அங்கே காத்திருக்கச் செய்கிறார்கள். அமெரிக்கர் இதை ஸ்டேஜிங் யார்டு என்பர். ஆங்கிலேயர் ஃபிடில் யார்டு என்பர். வண்டிகளைக் கையால் எடுத்து மாற்றி வைக்கும் இடம் என்ற பொருளில் வந்த பெயர் அது.

அமெரிக்காவில் ஃபிராங்க் எல்லிசன் என்பவர் மாதிரி ரயிலை நாடகமாகவே பார்த்தார். நிலையம் மேடை, வண்டிகள் நடிகர்கள், கால அட்டவணைதான் நாடகம் என்பது அவர் கொள்கை. நம் தெருக்கூத்தில் இருவர் ஒரு துணியைப் பிடித்து நிற்கிறார்கள். அதன் பின்னால் துரியோதனன் வேடமிட்டவர் நிற்கிறார். துணியின் அகலம் நான்கு முழம்கூட இருக்காது. ஆயினும் அஸ்தினாபுரம் முழுவதும் அதற்குப் பின்னால் இருப்பதாக நாம் ஏற்றுக்கொள்கிறோம். எல்லிசன் கூத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பார்த்திருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார்.

பீட்டர் டென்னி என்ற ஆங்கிலப் பாதிரியார் பக்கிங்ஹாம் என்ற கற்பனைக் கிளைத்தடத்தைப் பல்லாண்டுகள் வளர்த்தெடுத்தார். மறுமுனையில் வண்டிகளை வாங்கி அனுப்பி உதவிய மகன் கிரிஸ்பின் இல்லாத நாள்களுக்காக அவர் ஒரு பொறியைச் செய்து, 'தானியங்கிக் கிரிஸ்பின்' என்று அதற்குப் பெயரிட்டார். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்ட எந்தத் தகப்பனும் அந்தப் பெயரைச் சிரிக்காமல் வாசிக்க முடியாது. சிரித்து முடித்தபின் சற்று நேரம் பேசாமலும் இருப்பார்.

இடமில்லாத வீடுகளுக்கு வழி சொன்னவர் சிரில் ஃபிரீசர். 'ரயில்வே மாடலர்' இதழுக்கு நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவர். 1957-ல் அவர் வெளியிட்ட 'மினரீஸ்' என்ற வரைபடம் லண்டன் தெரு ஒன்றின் பெயரைத் தாங்கிய கற்பனை நிலையம். ஏழடிக்கும் குறைந்த நீளம், முக்காலடி அகலம். இரண்டு பலகைகள் கீலில் மடிந்து பெட்டிபோல் மூடிக்கொள்ளும். அமெரிக்காவில் ஆலன் மெக்லெலண்ட் தமது 'வர்ஜீனியன் அண்ட் ஒஹாயோ' தடத்தை நிலவறையில் அமைத்தார். நிலவறைச் சுவருக்கு அப்பாலும் நாடு முழுவதும் தடங்கள் தொடர்கின்றன என்று கொண்டு, அவற்றுக்கு உரிய வண்டிகளை மறைவில் நிறுத்தினார். மடக்கும் வசதி ஃபிரீசரிடமிருந்தும், 'சுவருக்கு அப்பால்' என்ற எண்ணம் மெக்லெலண்டிடமிருந்தும் எனக்குக் கிடைத்தன.

இனித் திருச்சுழி. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்கு 1963-லும், அங்கிருந்து திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரைக்கு 1964-லும் மீட்டர் கேஜ் தடம் திறக்கப்பட்டது. இரு முனைகளுக்கும் இடையே சுமார் 66 கிலோமீட்டர். கருவேலங்காடு, கண்மாய்க்கரை, மிளகாய் காயும் களம், பருத்திக் கரிசல் இவற்றின் ஊடே செல்லும் ஒற்றைத் தடம். 2013-ல் அகலப் பாதையாயிற்று. இப்போது சென்னை-செங்கோட்டை வண்டி ஒன்று 'சிலம்பு' என்ற பெயரில் இத்தடத்தில் ஓடுவது என்னைப் போன்ற தமிழாசிரியனுக்கு ஒரு சிறிய மகிழ்ச்சி. நான் செய்ய விரும்பியது பழைய மீட்டர் கேஜ் நிலையத்தை. அது இனி எங்கும் இல்லை.

ஊரின் மிகப் புகழ்பெற்ற ரயில் பயணமோ இந்தப் பக்கம் ரயிலே இல்லாத காலத்தது. 1879-ல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், தந்தை இறந்தபின் மதுரைக்குச் சென்று, 1896 ஆகஸ்ட் 29 அன்று அங்கிருந்து திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். பின்னாளில் ரமண மகரிஷி ஆனவர். புறப்படுமுன் ஒரு பழைய நிலப்படத்தைப் பார்த்துத் திண்டிவனம்தான் அருகிலுள்ள நிலையம் என்று முடிவு செய்து பயணச்சீட்டு வாங்கினார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகச் செல்லும் தடம் அதற்குள் வந்துவிட்டிருந்தது. பழைய படத்தில் அது இல்லை. வண்டியில் உடன் வந்த மௌல்வி ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. இருக்கும் தடத்தை விட்டுவிட்ட படத்தை அவர் நம்பினார். நானோ இல்லாத தடத்தை வரைந்து வைத்திருந்தேன்.

எங்கள் அப்பத்தா சொல்லும் கதை இது: "உங்க தாத்தா திருச்சுழி ஸ்டேஷன்லதான் ரயில் ஏறிக் கண்டிக்குப் போனாரு. நான் பிளாட்பாரத்துல நின்னு பார்த்தேன்." அவர் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனது 1930களில். அப்பா முதல் அத்தை பிள்ளைகள் வரை அனைவரும் கேட்டு வளர்ந்த கதை, யாரும் ஐயுற்றதில்லை. ஆகவே நிலையத்தின் கிழக்கே ஸ்டேஜிங் யார்டு போடத் தொடங்கியபோது, அதில் தனுஷ்கோடிக்குப் போகும் வண்டி ஒன்று நிற்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன்.

பலகை வேலையைச் சொல்லிவிடுகிறேன். வாடகை வீட்டின் முன்கூடத்தில் புத்தக அலமாரிக்கு மேல் நான்கடி நிலையம் நிலையாக இருக்கும். அதன் கிழக்கே மூன்றரையடிப் பலகை. வேண்டாதபோது மடிந்து சுவரோடு தொங்க வேண்டும். இல்லையேல் சன்னல் திறக்காது. அளவு நூற்றறுபதில் ஒரு பங்கு. மீட்டர் கேஜ் அந்த அளவில் ஆறேகால் மில்லிமீட்டர் ஆகிறது. கடையில் கிடைக்கும் ஆறரை மில்லிமீட்டர் தண்டவாளம் அதற்குப் பொருந்தும். 19.5 மீட்டர் பெட்டி பன்னிரண்டு சென்டிமீட்டர் சொச்சமாகச் சுருங்கும். எஞ்சினும் ஐந்து பெட்டிகளுமாக முக்கால் மீட்டருக்குள் ஒரு பாசஞ்சர் வண்டி அடங்கிவிடுகிறது.

கீலை மேலே வைக்கும்படி ஆசாரியிடம் சொன்னேன். அவர் பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது மேல தூக்குற பலகையா, கீழ தொங்குற பலகையா? மேல மடங்கினா மேல கீலு. கீழ மடங்கினா கீழ கீலு. பொட்டிக்கடைப் பலகை பார்த்ததில்லையா?" என்றார். பார்த்திருக்கிறேன், நாற்பது ஆண்டுகளாக. கவனித்ததில்லை. கீழே தொங்கும் பலகைக்கு மேலே கீல் வைத்தால், மடக்கும்போது இரு பலகைகளின் அடிவிளிம்புகள் முட்டிக்கொள்ளும். கீழே வைத்தால் மேற்பக்கம் வாய் திறப்பதுபோல் விலகும். தண்டவாள முனைகள் உரசா. அவர் சொன்னபடியே செய்தோம். முனைகள் நகராதிருக்கப் பலகை ஓரத்தில் பித்தளைத் திருகாணிகளை இறக்கி, அவற்றின்மேல் தண்டவாளத்தைப் பற்றவைத்தேன்.

இரு பலகைகளையும் நேராகப் பிடிப்பவை இரண்டு பித்தளைத் தாழ்ப்பாள்கள். மின்சாரமும் அவற்றின் வழியாகவே செல்கிறது. நிலையத்தின் கிழக்குக் கடைசித் துண்டுத் தடத்துக்கும் அதே இணைப்பைக் கொடுத்திருப்பதால், தாழ்ப்பாள் போடாவிட்டால் அங்கும் மின்சாரம் இராது. பலகை மடிந்திருப்பதை மறந்து வண்டியை விட்டாலும், அது விளிம்புக்கு முன்பே நின்றுவிடும். ஒற்றைத் தடத்தில் டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார் அல்லவா? அதன் ஏழை உறவு இது.

மடக்கு யார்டின் பெரிய சிக்கல், மடக்கும்போது வண்டிகளை என்ன செய்வது என்பது. பாயிண்டுகள் வைத்து நான்கு தடங்களாகப் பிரித்தால் அவையே பாதி நீளத்தைத் தின்றுவிடும். ஒவ்வொரு முறையும் பெட்டிகளைக் கையால் பொறுக்கவும் வேண்டும். இதற்கு இங்கிலாந்துக்காரர் கண்ட வழி காசெட். இரண்டு அலுமினியம் எல்-கோணங்களைத் தண்டவாள இடைவெளியில் ஒரு சட்டத்தின்மேல் பொருத்திவிட்டால், கிடைப்பக்கங்களின் உள்விளிம்புகளில் சக்கரங்கள் ஓடும். நிமிர்ந்த பக்கங்கள் வண்டி சாயாமல் காக்கும். வண்டி உள்ளே வந்ததும் சட்டத்தோடு தூக்கி அலமாரியில் வைத்துவிடலாம். என் தனுஷ்கோடி வண்டிக்கு அடியார்க்குநல்லார் உரைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

காசெட்டுகளுக்குச் சீட்டு ஒட்டும்போதுதான் ஆண்டைக் குறிக்க வேண்டியிருந்தது. 193... என்று எழுதத் தொடங்கிப் பேனா நின்றது. நிலையம் திறந்தது 1964-ல். தாத்தா எப்படி இங்கே ஏறியிருக்க முடியும்? மதுரை-மண்டபம் தடம் 1902-ல் வந்தது. 1914-ல் பாம்பன் பாலமும், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் வந்தன. கூலி வேலைக்கு இலங்கை செல்வதை 1939-ல் இந்திய அரசு தடை செய்தது. அதற்கு முன் போனவர் மாட்டுவண்டியிலோ நடந்தோ மானாமதுரைக்குப் போய்த்தான் ரயில் ஏறியிருப்பார். அப்பத்தா நின்றதாகச் சொன்ன பிளாட்பாரம் அப்போது வெறும் கரிசல் காடு.

கிழவி பொய் சொன்னாள் என்று விட்டுவிடுவது எளிது. எனக்கு மனம் ஒப்பவில்லை. 1964-ஐச் சுற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அதே ஆண்டு அக்டோபரில் சிறீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவாயிற்று. டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோயிற்று. திருச்சுழியில் ரயில் ஏறித் தனுஷ்கோடி வழியே இலங்கை செல்வது சில மாதங்களுக்கு மட்டுமே இயலக்கூடியதாக இருந்து, முடிந்துபோனது. ஆனால் தலைமன்னார்க் கப்பல் இராமேசுவரத்துக்கு வந்துகொண்டிருந்தது. தாத்தா ஊர் திரும்பியது 1970களில், ஒப்பந்தப்படி வந்தவர்களோடு. இராமேசுவரத்தில் கரையேறி, மானாமதுரையில் விருதுநகர் வண்டிக்கு மாறித் திருச்சுழியில் இறங்கியிருக்க வேண்டும்.

அப்பாவிடம் கேட்டேன். நெடுநேரம் சும்மா இருந்தார். "ஸ்டேஷனுக்கு நானும் போனேன்ப்பா. ஆத்தா என்னையும் கூட்டிட்டுப் போச்சு. இறங்கி வந்த ஆளை எனக்கு அடையாளம் தெரியலை" என்றார். இதை அவர் அதுவரை எங்களிடம் சொன்னதில்லை.

அப்பத்தா பிளாட்பாரத்தில் நின்றது உண்மை, ரயிலைப் பார்த்ததும் உண்மை. போன நாளையும் வந்த நாளையும் அவள் மாற்றிச் சொன்னாளா, இரண்டையும் ஒன்றாக்கிச் சொன்னாளா, கேட்க இப்போது அவள் இல்லை. நாற்பதாண்டுப் பிரிவைச் சொல்ல வருபவருக்குப் போன கதைதான் கதை. திரும்பி வந்த முதியவரைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இருந்திராது என்று எனக்குத் தோன்றுகிறது.

தனுஷ்கோடிச் சீட்டைக் கிழித்துவிட்டேன். அந்தக் காசெட்டில் இப்போது 'மானாமதுரை - விருதுநகர் பாசஞ்சர், 197-' என்று இருக்கிறது. கடைசி எண்ணை அப்பாவாலும் சொல்ல முடியவில்லை. வண்டியைத் திருப்பி, எஞ்சின் மேற்கு நோக்கி நிற்குமாறு வைத்தேன். வீட்டுக்கு வருபவர்கள் நிலையத்தைப் பார்க்கிறார்கள், வேப்பமரத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் பாராட்டுகிறார்கள். மடிந்து தொங்கும் பலகையைக் காட்டினால், யாரும் பார்க்காத இடத்துக்கு இவ்வளவு செலவா என்கிறார்கள்.

மேற்கே விருதுநகர்ப் பக்கத்துக்கும் ஒரு பலகை வேண்டும். அந்தப் பக்கம் கதவு இருப்பதால் அது மேல்நோக்கித்தான் மடிய வேண்டும். கீல் தண்டவாள மட்டத்துக்கு மேலே வரும். ஆசாரி இன்னும் நாள் சொல்லவில்லை. அதுவரை வரும் வண்டியெல்லாம் திருச்சுழியோடு நின்றுவிடுகிறது.